சும்மா இருந்த பத்து நிமிடம்

பிலோமினாவைக் கிடங்கில் கைராசிக்காரி என்பார்கள். முகத்துக்காகச் சொன்ன பேச்சில்லை. பதினோரு வருடம் மாதவரம் கிடங்கில் பேட்டரியில் ஓடும் சரக்கு வேன்களின் அடிவயிற்றைத் திறந்து, பேட்டரி முனைகளைக் கழற்றித் துடைத்து மாட்டியவள். ஒரு தடவைகூட சுருக்கென்று ஒரு ஷாக் வாங்கியதில்லை. நானூறு வோல்ட் என்ன சும்மாவா? கொஞ்சம் அசந்தால் ஆளே மிஞ்சாது. அவளுக்கு முன்னால் அந்த வேலைக்கு வந்த இரண்டு ஆண்பிள்ளைகளில் ஒருவன் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டுப் போனான். இன்னொருவன் பயந்துபோய் காசிமேட்டுக்கு மீன் கூடை தூக்கப் போய்விட்டான்.

அந்தக் கையைத்தான் கம்பெனி கேட்டு வாங்கிக்கொண்டது. வலைபோல மெல்லிய ஒரு ஜோடி கையுறையை மாட்டிவிட்டு, இருபத்துமூன்று நாள் அவள் செய்த வேலையையெல்லாம் பதிந்தார்கள். விரல் எவ்வளவு மடங்குகிறது, ஸ்பேனரை எவ்வளவு அழுத்துகிறாள், மணிக்கட்டு எப்போது திரும்புகிறது, எல்லாம். பிறகு அதையே வேறு கையுறைகளில் ஏற்றினார்கள். அவற்றின் உள்ளே இருக்கும் இழைகள் சுருங்கி விரிந்து, போட்டவர் கையை இழுத்துக்கொண்டு போகும். நேற்றுவரை இட்லிக் கடையில் மாவு அரைத்தவர் கையும் இன்று காலையிலிருந்து பிலோமினாவின் கையாக வேலை செய்யும். தொழிலாளிகள் அதற்கு இரவல் கை என்று பேர் வைத்தார்கள்.

எட்டு மாதம் கழித்து அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "உங்க கைதான் எங்ககிட்ட இருக்கேம்மா, நீங்க எதுக்கு இந்த வயசுல கஷ்டப்படணும்?" என்று சிரித்துக்கொண்டே சொன்னவர் மேலாளர் ஸ்ரீவத்ஸன். அன்று அவளும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள். அதை நினைத்தால் மூன்று வருடம் கழித்து இப்போதும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வரும். இப்போது மூலக்கடை பக்கம் வீடு வீடாகப் போய் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். அதற்கும் உரிமம் வேண்டும். பழைய உரிமம் கையில் இருந்ததால் பிழைப்பு ஓடியது.

ஒரு புதன்கிழமை காலை அதே ஸ்ரீவத்ஸன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாங்க சார். என்ன இவ்ளோ தூரம்?"

"சும்மாதாம்மா. ஒரு வார்த்தை பேசிட்டுப் போலாம்னு வந்தேன்."

சும்மா வருகிற ஆளா அவர்? பிலோமினா நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு அவரை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேள்விப்பட்டிருப்பீங்க. போன வாரம் திங்கக்கிழமை நம்ம கிடங்குல ஒரு லேடி தவறிட்டாங்க. தையல்நாயகின்னு பேரு. முப்பத்துமூணு வயசு."

"கரண்டா சார்?"

"டெர்மினல் கழட்டும்போது."

பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு இறங்கிய கை அங்கேயே நின்றுவிட்டது.

"இரவல் கை போட்டிருந்தாங்களா?"

"போட்டிருந்தாங்க."

"அப்ப என் கையா சார்?"

"கை மேல தப்பில்லம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் வர்றாங்க. கை சரியாத்தான் போச்சு, அந்தம்மாதான் அது கூட முரண்டு பண்ணியிருக்காங்க. ஏற்கெனவே மூணு வார்னிங் வாங்கினவங்க. நீங்க வந்து, பதிஞ்சது என் கைதான், நான் செஞ்சது முறையான வேலைதான்னு ஒரே வரி சொன்னாப் போதும்."

"முறையாத்தான் செஞ்சேன். அதுல என்ன சந்தேகம்?"

"அவ்வளவுதாம்மா வேணும்."

"அப்ப தப்பு அந்தம்மா மேல விழுமே சார். அவங்க வீட்ல?"

"தொழிலாளி தப்புன்னா வாரிசு வேலை கிடையாது. சட்டம் நான் போட்டதில்ல. நூத்திப் பன்னண்டு கிடங்குல இந்தக் கை ஓடுது, நேத்துகூட ஓடிச்சு. அதுல கோளாறுன்னு யாராவது எழுதிட்டா மொத்தமும் நிக்கும், தெரியுமில்ல?" அவர் எழுந்துகொண்டார். "உங்களையும் திரும்ப எடுக்கலாம்னு ஒரு எண்ணம் இருக்கு. பயிற்சியாளரா."

அன்று முழுக்க பிலோமினாவுக்கு வேலை ஓடவில்லை. செத்துப்போன பெண்ணை நினைத்துப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. என் கை பாட்டுக்குப் போயிருக்குமே, அது கூட மல்லுக்கட்டுவானேன்? இப்படி நினைத்தாள் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது, நினைத்தாள்தான்.

மறுநாள் பகலில் ஒரு ஆள் வந்தான். கோயம்பேட்டில் வாழைத்தார் இறக்குகிறவன், சட்டையெல்லாம் வாழைக்கறை. செத்தவளின் புருஷன், பேர் கலியமூர்த்தி, மாயவரத்துப் பக்கம். கிடங்கு வாட்ச்மேனிடம் விலாசம் வாங்கியிருக்கிறான். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"நீங்கதானக்கா அந்தக் கை?"

"உள்ள வாங்க தம்பி" என்றாள்.

"இல்லீங்கக்கா. சும்மா பாத்துட்டுப் போறேன். கையைக் காட்டுறீங்களா?"

அவள் ஈரக் கையை நைட்டியில் துடைத்துவிட்டு நீட்டினாள். அவன் தொடவில்லை. குனிந்து பார்த்தான்.

"சின்னக் கையா இருக்கு. எம் பொண்டாட்டி கை இதைவிடப் பெருசுக்கா. உறை இறுக்குதுன்னு அது சொல்லிக்கிட்டே இருக்கும்."

பிலோமினா கையை மடக்கிக்கொண்டாள். ஆனாலும் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டாள். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. அவங்க ஏன் கையோட முரண்டு பண்ணாங்க? அது போற போக்குல விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதே."

"அன்னிக்கு விட்டதாலதான்க்கா செத்துச்சு."

"என்ன சொல்றீங்க?"

"அந்த மூடி மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காமே. தொறக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிசம் பொறுக்கணும்னு. அது படிச்ச பொண்ணுக்கா, பன்னண்டாவது வரைக்கும். உறை என்னடான்னா பிளக்கைப் புடுங்கின ஜோருல மூடியத் தொறக்கப் போவுதாம். எம் பொண்டாட்டி விடாதாம். வலது கையை இழுத்துப் புடிச்சுக்கிட்டு ஒண்ணுலேருந்து அறுநூறு வரைக்கும் எண்ணுமாம். இடது கை முதுகுக்குப் பின்னாடி இருக்குமில்ல, நூறு முடிஞ்சா அதுல ஒரு விரலை மடக்கிக்கும். அஞ்சும் மடங்கினப்புறம் ஆறாவது நூறுக்கு எல்லாத்தையும் விரிச்சிடும். வீட்ல துணி எண்ணினாலும் அப்படித்தான். நான்கூட கேலி பண்ணுவேன்." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நாப்பத்தோரு வண்டி அப்படிப் பண்ணியிருக்கு. சாயங்காலம் வந்து தோள்பட்டை வலிக்குதுங்கும், நான் தைலம் தேச்சு விடுவேன். வேலையைத் தாமதம் பண்றான்னு மூணு வார்னிங். இன்னொண்ணு வந்தா வெளியதான்னுட்டாங்க. திங்கக்கிழமை காலையில கெளம்பும்போது, இன்னிக்கு விட்டுடறேங்க, அது போற போக்குல போவட்டும்னு சொல்லிட்டுத்தான் போச்சு."

பிலோமினா தலையை வேகமாக ஆட்டினாள்.

"இல்ல தம்பி. என் கை பொறுக்கும். நான் பொறுத்தேனே! ஒரு வண்டியைக்கூட பத்து நிமிஷம் நிக்காம நான் தொறந்ததே கிடையாது."

"எதுக்குக்கா அந்தப் பத்து நிமிசம்? பிளக்கைப் புடுங்கினா கரண்டு போயிடாதா?"

"ஃபேன்ல கண்டென்சர் இருக்கு பாருங்க, சுவிட்சை அணைச்சப்புறமும் அதுல கொஞ்சம் கரண்ட் தங்கும். தெரியாம தொட்டா தூக்கி அடிக்கும். வண்டியில அதுவே பெருசா ஒண்ணு இருக்கு. வழக்கமா அஞ்சு செகண்டுல தானா வடிஞ்சிடும். எப்பவாவது ஒரு வண்டியில வடிய வெக்கிற பாகம் ரிப்பேராயிருக்கும். எந்த வண்டின்னு வெளியிலேருந்து தெரியாது. அதுக்காகத்தான் எல்லா வண்டிக்கும் நிக்கறது."

கலியமூர்த்தி அவள் கையை மறுபடியும் பார்த்தான்.

"அப்ப அந்தப் பத்து நிமிசம் எங்கக்கா போச்சு?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை கிடங்கில் மூன்றாம் எண் மேடையில் ஒரு வேனை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். ஆபத்து வேண்டாமென்று பெரிய பேட்டரியை இறக்கிவிட்டு வெறும் பெட்டியை மாட்டியிருந்தார்கள். ஆய்வாளர் ஐம்பது வயது அம்மாள், கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். கலியமூர்த்தி சுவரோரம் ஒரு மரப்பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் மூன்று வார்னிங் சீட்டு.

"பதிவு செய்யப்பட்டது உங்கள் கைதானா?" என்று ஆய்வாளர் ஆரம்பித்தார்.

"மேடம், பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் அந்தக் கையை ஒரு தடவை போட்டுப் பாக்கணும்."

ஸ்ரீவத்ஸன் வாயைத் திறந்தார். "பேட்டரிதான் இல்லையே, போடட்டும்" என்றார் ஆய்வாளர்.

கையுறை தோள் வரை ஏறியது. செருப்பை இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கிப் போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது பிலோமினாவுக்கு. தன்னுடையதுதான், ஆனால் யார் யாரோ நடந்திருக்கிறார்கள். இழைகள் விறைத்தன. அவள் கை தானாக எழுந்து வேன் சாவியை எடுத்துச் சாவிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியது. விளக்குக்கும் ஹாரனுக்குமான சின்ன பேட்டரியின் வயரைக் கழற்றியது. பெரிய பேட்டரியை வண்டியிலிருந்து துண்டிக்கும் ஆரஞ்சு பிளக்கைப் பிடுங்கி, அவள் மேலே மாட்டியிருந்த கிடங்குச் சட்டையின் பையிலேயே போட்டு இரண்டு தடவை தட்டிப் பார்த்தது. வேறு யாரும் எடுத்துத் திரும்பச் சொருகிவிடக் கூடாதென்று அவள் பழகிக்கொண்ட பழக்கம் அது. அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

அடுத்தது ரப்பர் கையுறை. மின்சாரம் பாயாமல் இருக்க மேலே மாட்டுவது. மாட்டுமுன் அதன் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, கன்னத்தோரம் பிடித்துப் பார்ப்பாள். ஊசித் துளை இருந்தால் கன்னத்தில் காற்று படும்; கரண்ட் உள்ளே வர அந்தத் துளை போதும். கை அதைச் செய்யவில்லை. எடுத்தது, மாட்டியது. தான்தான் கவனிக்கவில்லையோ என்று அவள் நினைப்பதற்குள் இடது கை அவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. கரண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கைக்குப் போகாமலிருக்க, உள்ளே வேலை நடக்கும்போது ஒரு கைதான் முன்னால் இருக்க வேண்டும் என்பது அவள் கடைப்பிடித்த விதி. வலது கை மூடியை நோக்கிப் போனது.

இங்கேதான் நிற்க வேண்டும். நிற்கவில்லை.

"நில்லு" என்றாள் பிலோமினா, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே. கையைப் பின்னால் இழுத்தாள். கை முன்னால் இழுத்தது. தோள்பட்டையில் சுருக்கென்று வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். அவள் கை அவளைவிடப் பிடிவாதமாக இருந்தது. மூடி திறந்தது. மீட்டரின் முனைகளை டெர்மினலில் வைத்தது, ஒரு நொடியில் எடுத்தது. கைக்குக் கண் ஏது, மீட்டர் என்ன காட்டியதென்று பார்க்க? ஸ்பேனர் போல்ட்டில் உட்கார்ந்தது. பிளக்கைப் பிடுங்கியதிலிருந்து நாற்பது வினாடிகூட ஆகியிருக்காது.

"இது என் கை இல்ல மேடம்!" என்று கத்திவிட்டாள்.

"உங்க கைதாம்மா" என்றார் ஸ்ரீவத்ஸன். அவர் தயாராகத்தான் வந்திருந்தார். "ஒரிஜினல் பதிவையே போட்டுக் காட்டறேன்."

சுவரிலிருந்த திரையில் கிட்டத்தட்ட நாலு வருடத்துக்கு முந்தைய பிலோமினா தெரிந்தாள். பதிவு செய்த பையன் நௌஷாத்தின் குரல் மட்டும் கேட்டது. "அக்கா, ஒவ்வொண்ணு பண்ணும்போதும் என்ன பண்றீங்கன்னு வாயால சொல்லிடுங்க. மெஷின் அதை வெச்சுத்தான் பிரிச்சு அடுக்கும்." திரையிலிருந்தவள் தலையாட்டினாள். சாவி எடுக்கறேன். வயரைக் கழட்டறேன். பிளக்கைப் புடுங்கறேன். ரப்பர் கையுறையைக் கன்னத்தோரம் வைத்துக்கொண்டு நின்றாள். "இப்ப என்னக்கா?" "சும்மா பாக்கறேன்பா." பிறகு மூடிக்கு முன்னால் நின்றாள். வலது கை வண்டியின்மேல், இடது கை முதுகுக்குப் பின்னால். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

"இப்ப என்னக்கா பண்றீங்க?"

"இப்பவா? சும்மா இருக்கேன்."

அடுத்த வண்டி. "சும்மா." அதற்கடுத்த வண்டி. "சும்மாதாம்பா இருக்கேன், எத்தனை தடவை கேப்பே?" நௌஷாத் சிரிக்கிற சத்தம். திரையிலிருந்தவளும் சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்படி முந்நூத்திச் சொச்சம் இடம் இருக்கு மேடம்" என்றார் ஸ்ரீவத்ஸன். "வேலை செய்யறவங்களே வேலை இல்லைன்னு சொன்ன நேரம். மெஷின் அதையெல்லாம் கழிச்சிடுச்சு. கம்பெனி இதுல என்ன பண்ண முடியும்?"

ஆய்வாளர் டீ குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்தார். ஸ்ரீவத்ஸன் பிலோமினாவை வேனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அவர் குரல் மிக அன்பாக இருந்தது.

"ரெண்டே வழிதாம்மா. களைப்பா இருந்துச்சு, சும்மா நின்னேன், அது முறையில சேர்ந்ததில்லன்னு சொல்லுங்க. ஸ்டிக்கரைப் படிச்சுப் பொறுக்க வேண்டியது போட்டவங்க பொறுப்புன்னு ஆயிடும். அன்னிக்கு அந்தம்மா பொறுக்கல. முடிஞ்சுது. இல்ல, அதுதான் வேலையேன்னு சொன்னீங்கன்னா, பாதுகாப்புப் பதிவுல தப்பான குறிப்புக் குடுத்தது நீங்கன்னு ஆகும். உரிமம் போயிடும். இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்தக்கூட முடியாது."

"சார், நீங்க அந்தப் பதிவைப் பாத்தீங்கல்ல. ஒரு தடவைகூட, இவ எதுக்கு நிக்கறான்னு உங்களுக்குத் தோணலையா?"

"நான் வண்டி வேலை படிச்சவன் இல்லம்மா" என்றார் அவர்.

டீ வந்தது. பிலோமினா வாங்கிக்கொள்ளவில்லை. சுவரோரம் கலியமூர்த்திக்கும் யாரோ ஒரு கப் நீட்டினார்கள். அவனும் வேண்டாமென்று தலையாட்டினான். நாளைக் காலை ஆறு மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு கிடங்கில் யார் யாரோ தன் கையை மாட்டிக்கொண்டு மூடிக்கு முன்னால் போய் நிற்பார்கள், இல்லை, நிற்கமாட்டார்கள் என்று பிலோமினா நினைத்துக்கொண்டாள்.

ஆய்வாளர் திரும்பி வந்து பேனாவை எடுத்தார். "சும்மா என்று சொன்னீர்கள். அதற்கு என்னம்மா அர்த்தம்? நான் எழுத வேண்டும்."

"மேடம், இந்த சார் புதன்கிழமை எங்க வீட்டுக்கு வந்தாரு. என்ன சார்னு கேட்டேன். சும்மாதான்னாரு. சும்மாவா வந்தாரு?"

ஆய்வாளர் கண்ணாடிக்கு மேலாக ஸ்ரீவத்ஸனைப் பார்த்தார். பிலோமினாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"நானும் அப்படித்தான் சொன்னேன் மேடம். சும்மான்னா ஒண்ணும் பண்ணாம இருந்தேன்னு இல்ல. கையைக் கட்டிப் போட்டுக்கிட்டு நின்னேன். ஸ்பேனர் புடிக்கறதை யாருக்கு வேணாலும் ஒரு வாரத்துல சொல்லித் தந்துடலாம். அந்த மூடிக்கு முன்னாடி பத்து நிமிஷம் சும்மா நிக்கறதுக்குத்தான் எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. மேஸ்திரி திட்டுவாரு, டிரைவர் ஹாரன் அடிப்பான், நமக்கே கை பரபரக்கும். எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு நின்னேன். என் வேலையிலயே பெரிய வேலை அதுதான். அதுக்கு ஒரு பேரு வெக்கத் தெரியாம சும்மான்னு சொல்லித் தொலைச்சுட்டேன். தப்பு என்னுது, எழுதிக்கங்க. அந்தப் பொண்ணு தப்பு இல்ல. அது இழுத்துப் புடிச்சதே நாப்பத்தோரு தடவை, அப்பல்லாம் அதுதான் மேடம் சரியா வேலை செஞ்சுது. என் கை செய்யல."

ஆய்வாளர் எழுதினார். நிறைய நேரம் எழுதினார். கலியமூர்த்தி பிளாஸ்டிக் கவரை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான்.

இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. பாதுகாப்புப் பதிவில் தவறான குறிப்புத் தந்த குற்றத்துக்காக பிலோமினாவின் உரிமம் ஆயுளுக்கும் ரத்து. கம்பெனி நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டது என்று ஒரு வரி. தையல்நாயகி மேல் தவறில்லை என்று ஒரு வரி. கையுறையில் பத்து நிமிடக் காத்திருப்பை உடனே சேர்க்க வேண்டும் என்று உத்தரவு. பிலோமினா அந்தக் கடைசி வரியை நாலு தடவை படித்தாள். அக்கம்பக்கத்து இன்வெர்ட்டர்களெல்லாம் வேறு ஆளுக்குப் போயின. அவள் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கப் போனாள். நல்லதுக்குத்தான் சொன்னோம் என்று ஒரு நாள் தோன்றும், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று மறுநாள் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து அவள் வீடு திரும்பியபோது கலியமூர்த்தி வாசலில் நின்றிருந்தான். கையில் ஒரு சீப்பு பூவன் பழம்.

"வாரிசு வேலை போட்டுக் குடுத்துட்டாங்கக்கா. அதே கிடங்கு, அதே மூணாம் மேடை."

"உள்ள வா" என்றாள். இந்தத் தடவை வந்து உட்கார்ந்தான். "கை நிக்குதா?"

"நிக்குதுக்கா. மூடிகிட்ட போனதும் நிக்குது."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. உடனே இன்னொன்று உறைத்தது. "யாரை வெச்சுப் பதிஞ்சாங்க? என்னைக் கூப்பிடலையே."

கலியமூர்த்தி தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யாரையும் வெச்சுப் பதியலக்கா. அவங்ககிட்ட ஏற்கெனவே இருந்திச்சாம். யாராவது உறையை இழுத்துப் புடிச்சா அதுவும் உள்ளாரப் பதிஞ்சிடுமாம், வார்னிங் குடுக்கறதுக்காக. நாப்பத்தோரு தடவை பதிஞ்சிருக்கு. அதையே எடுத்து எல்லாக் கிடங்குக்கும் போட்டுட்டாங்க. எனக்கு யாருமே சொல்லல. மொத நாள், மூடிகிட்ட உங்க கை போய் நின்னுச்சு. அப்புறம் வேற ஒரு புடி வந்துச்சு. உங்க புடி மாதிரி இல்ல, கொஞ்சம் நடுங்குது. என்னடா இதுன்னு நிக்கிறேன், முதுகுக்குப் பின்னாடி என் கட்டை விரல் மடங்குது." அவன் கட்டை விரலை மடக்கிக் காட்டினான். "நூறு. அப்புறம் இது. எரநூறு."

பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு நாளைக்கு ஒன்பது வண்டிக்கா. ஒன்பது தடவை அது என் கையைப் புடிச்சுக்கிட்டு எண்ணுது. அஞ்சையும் மடக்கி, ஆறாவதுக்கு விரிச்சிட்டுப் போயிடும். வேலைக்கே வேணாம்னுதான் இருந்தேன். இப்ப லீவுகூடப் போடறதில்ல."

அழக்கூடாது என்று அவள் பழத்தைப் பிய்த்துத் தட்டில் வைத்தாள். எதையாவது பேச வேண்டும் என்று, "அது போதும் தம்பி. நிக்குதில்ல, அது போதும்" என்றாள்.

"போன திங்கக்கிழமையோட குறைச்சிட்டாங்கக்கா."

"எதை?"

"கம்பெனிக்காரங்க சோதிச்சாங்களாம், அஞ்சு நிமிசமே தாராளம்னு யாரோ கையெழுத்துப் போட்டுட்டாங்களாம். மூணு விரல் மடங்கினதும் அது விட்டுடுது. உங்க கை எழுந்திரிச்சு மூடியத் தொறக்கப் போயிடுது."

பிலோமினா அவன் முகத்தையே பார்த்தாள். அவனுக்கு வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். சட்டைக்குள்ளிருந்து தைல வாசனை வந்தது.

"அப்ப நீ என்ன பண்றே?"

"மீதி ரெண்டையும் நானே மடக்கறேன்க்கா. நானே எண்ணி, நானே விரிக்கிறேன்."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து அவளிடம் கொடுத்தான். நேற்றைய தேதி. கம்பெனி முத்திரை. மேலே முதல் எச்சரிக்கை என்று இருந்தது. கீழே காரணம் என்ற இடத்தில் ஒரு வரி: பணி நேரத்தில் சும்மா இருந்தது.